கார்பன் அம்பு கையிலேயே உடையுமா? எய்வதற்குமுன் எதைப் பார்க்கவேண்டும்?

வில்வித்தைத் திடலில் கார்பன் அம்புகளைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பா, வழவழன்னு, பென்சிலைவிட ஒல்லியா இருக்கும். கையில் எடுத்தால் எடையே தெரியாது.

பள்ளி இணைப்பாட நடவடிக்கை, சமூக மன்ற வகுப்பு, வார இறுதியில் நண்பர்களோடு ஒரு மணிநேரம் என்று எப்படியோ வில்லைத் தொட்டவர்கள், சில மாதங்களில் சொந்தமாக அம்பு வாங்க ஆசைப்படுவார்கள். பெரும்பாலும் அது கார்பன் அம்பாகத்தான் இருக்கும்.

வாங்கியதும் அதன் தண்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பல அம்புகளில் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். சேதமடைந்த அம்பை எய்தால் அது உடைந்து உங்களையோ பக்கத்தில் நிற்பவரையோ காயப்படுத்தலாம் என்பதே அதன் சாரம். 

"அம்பு போய்க் குத்துறது இலக்கைத்தானே? என் கையை எப்படிக் குத்தும்?" என்று தோன்றலாம். நியாயமான கேள்விதான்.

நாணை விடும் நொடியில் என்ன நடக்கிறது?

நாண் அம்பின் வாலைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆனால் அம்பின் முனையில் உலோக எடை இருக்கிறது. அது உடனே நகர மறுக்கிறது. பின்னால் தள்ளு, முன்னால் முரண்டு. நடுவில் மாட்டிக்கொண்ட தண்டு வேறு வழியின்றி வளைகிறது. அடுத்த கணம் எதிர்ப்பக்கம் வளைகிறது. மெதுவாக ஓட்டிக் காட்டும் காணொளிகளில் பார்த்தால் அம்பு நேராகப் போகாது, மீன் நீந்துவதுபோல நெளிந்து நெளிந்து போகும். நல்ல அம்புக்கு அது இயல்பு. அப்படி வளைந்து நிமிரத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது.

தண்டில் ஏற்கெனவே விரிசல் இருந்தால்? முதல் வளைவிலேயே அது உடையலாம். அப்போது அம்பு இன்னும் வில்லைவிட்டு வெளியேறியிருக்காது.

முன்பாதி எங்கோ போய் விழும். பின்பாதியை நாண் இன்னும் முழு வேகத்தில் தள்ளிக்கொண்டிருக்கும். 30 பவுண்டு வில்லை முழுவதுமாக இழுத்துப் பிடிப்பது கிட்டத்தட்ட 13.6 கிலோவைத் தாங்கிப் பிடிப்பதுபோல. அந்த விசை முழுவதும் இப்போது உடைந்த, கூரான கார்பன் துண்டின் பின்னால் இருக்கிறது. அதன் பாதையில் இருப்பது வில்லைப் பிடித்திருக்கும் உங்கள் கை. கட்டைவிரலின் அடிப்பகுதி, மணிக்கட்டு, முன்னங்கை.

இது அன்றாடம் நடக்கும் விபத்து இல்லை. பலர் பல ஆண்டுகள் எய்தும் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறார்கள். ஆனால் நடந்தால் கையின் நரம்பும் தசைநாரும் சம்பந்தப்பட்ட காயமாக அது இருக்கலாம்.

மரம், அலுமினியம் உடையாதா?

உடையும். ஆனால் அவை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும்.

நெடுங்காலம் அம்பு என்றால் மரம்தான். 1940களில் அமெரிக்காவின் ஈஸ்டன் நிறுவனம் அலுமினிய அம்புகளைப் பரவலாக்கியது. 1980களில் கார்பன் இழை போட்டிகளுக்குள் நுழைந்தது. இன்று ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தூரத்திலிருந்து எய்கிறார்கள். அங்கே இலக்கின் மொத்த அகலம் 122 சென்டிமீட்டர், 10 புள்ளி வட்டமோ வெறும் 12.2 சென்டிமீட்டர். அவ்வளவு தூரத்துக்கு வேகமாகவும் காற்றில் அதிகம் தள்ளப்படாமலும் போக, ஒல்லியான, கடினமான தண்டு வேண்டும். கார்பன் அதற்குப் பொருத்தமானது.

அலுமினிய அம்பு எதிலாவது மோதினால் கோணிப்போகும். மேசையில் வைத்து உருட்டினாலே தெரிந்துவிடும். மர அம்பில் வெடிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்.

கார்பன் அப்படியில்லை. மெல்லிய கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்து, அடுக்கி, சூடேற்றி இறுக வைத்துத்தான் தண்டைச் செய்கிறார்கள். இழைகள் நீளவாக்கில் மிகவும் வலுவானவை. பக்கவாட்டில் அடி விழுந்தால் இழைகளைப் பிணைத்திருக்கும் பிசின் விட்டுப்போகலாம், சில இழைகள் அறுந்தும் போகலாம். அதற்குப் பிறகும் தண்டு நேராகவே இருக்கும். வெளிப்பூச்சு பளபளன்னு புதுசு மாதிரியே இருக்கும். "பார்த்தா நல்லாத்தானே இருக்கு" என்ற நம்பிக்கைக்கு இங்கே மதிப்பு கிடையாது.

அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் கையையும் காதையும் சேர்த்துப் பயன்படுத்தவேண்டியிருக்கிறது.

எப்படிச் சோதிப்பது?

முதலில் வெளிச்சத்தில் அம்பைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கீறல், பள்ளம், எழும்பி நிற்கும் இழை, நீளவாக்கில் கோடு ஏதாவது இருக்கிறதா? வெறும் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். கார்பன் சிராய் தோலுக்குள் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. பஞ்சையோ மெல்லிய துணியையோ தண்டின்மேல் ஓட்டிப் பாருங்கள். இழை எழும்பியிருந்தால் பஞ்சு சிக்கும்.

இரண்டு இடங்களைக் கூடுதலாகக் கவனியுங்கள். ஒன்று, முனைக்குச் சற்றுப் பின்னால். இலக்கில் மோதும் அதிர்ச்சி முதலில் அங்கேதான் இறங்குகிறது. இன்னொன்று வால்பகுதி. பின்னால் வரும் அடுத்த அம்பு அடிப்பது அங்கே. சிலர் அழகுக்காக வால்பகுதியில் வண்ண ஒட்டுப்படம் சுற்றிவைப்பார்கள். அடியில் விரிசல் இருந்தாலும் அது மறைத்துவிடும். அந்த இடத்தில் அடி பட்டதாகச் சந்தேகம் இருந்தால், ஆசையாக ஒட்டியதாக இருந்தாலும் உரித்துப் பார்ப்பதே நல்லது.

அடுத்தது வளைத்துப் பார்ப்பது. ஒரு கையால் முனைப்பக்கம், மறு கையால் வால்பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். முகத்தைவிட்டுத் தள்ளி, உடம்புக்கு எதிர்ப்புறமாக, ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் வளையும் அளவுக்கு அழுத்துங்கள். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 'டிக்', 'கிறீச்' என்று ஏதாவது கேட்கிறதா? விரலுக்கு ஏதாவது நொறுங்குவதுபோலத் தெரிகிறதா? அம்பைக் கொஞ்சம் உருட்டி மறுபடியும் வளையுங்கள். ஒரு சுற்று முடியும்வரை நான்கைந்து முறை இப்படிச் செய்யவேண்டும். ஒரு பக்கம் மட்டும் வளைத்துவிட்டு "ஓக்கே" என்றால், விரிசல் மறுபக்கம் இருக்கலாம்.

பிறகு இரு முனைகளையும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல லேசாக முறுக்கிப் பாருங்கள். நல்ல தண்டு இடம்கொடுக்காது. தொளதொளன்னு திரும்பினால் அதன் கதை முடிந்தது.

கடைசியாகப் பின்கவ்வி. அம்பின் வாலில் நாணைப் பிடித்துக்கொள்ளும் சிறிய பிளாஸ்டிக் துண்டு. ஆங்கிலத்தில் நாக் என்பார்கள் (நம் நாக்குக்கும் அதற்கும் உறவில்லை!). அதில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். நாண் பாயும்போது கவ்வி உடைந்தால், அம்பு போகவேண்டிய விசை வில்லுக்கே திரும்பும். வெறும் நாணை இழுத்துவிட்டதற்குச் சமம் அது. அப்படிச் செய்தால் வில்லே உடையக்கூடும் என்பது முதல் வகுப்பிலேயே சொல்லித்தரும் பாடம்.

ஒவ்வொரு தடவையும் இதைச் செய்யணுமா?

தயாரிப்பாளர்கள் சொல்வது அதுதான். ஒவ்வோர் எய்தலுக்கும் முன்.

திடலில் எல்லாரும் அப்படிச் செய்கிறார்களா என்று கேட்டால், இல்லை. பலர் இலக்கிலிருந்து அம்புகளைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி நடக்கும்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறார்கள். குறைந்தபட்சம் அதுவாவது வேண்டும். ஆனால் சில சூழ்நிலைகளில் முழுச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. அம்பு இலக்கின் மரச்சட்டத்திலோ சுவரிலோ தரையிலோ மோதியிருந்தால். இன்னோர் அம்பை உரசியிருந்தால். யாராவது மிதித்திருந்தால். ஓர் அம்புக்குச் சில விநாடிதான் ஆகும்.

நீங்கள் எய்த அம்பு, இலக்கில் இருக்கும் அம்பின் வாலைப் பிளந்துகொண்டு உள்ளே செருகி நிற்பதும் உண்டு. அதை 'ராபின் ஹுட்' என்று செல்லமாகச் சொல்வார்கள். படம் எடுத்துப் போடுங்கள், சுவரில் மாட்டி வையுங்கள். பிரித்தெடுத்து மறுபடி எய்ய மட்டும் நினைக்காதீர்கள். பிளந்த அம்பு மட்டுமல்ல, பிளந்த வேலையைச் செய்த அம்பும் பலமாக அடிவாங்கியிருக்கும்.

நண்பரின் அம்பை இரவல் வாங்கலாமா?

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது பழமொழி. இந்த விஷயத்தில் எய்பவருக்கும் அம்புக்கும் வில்லுக்கும் மூன்று பேருக்கும் பொருத்தம் பார்க்கவேண்டும்.

தண்டின்மேல் 500, 800 என்று ஓர் எண் இருக்கும். அது தண்டின் விறைப்பைக் குறிக்கிறது. 28 அங்குல இடைவெளியில் இரு பக்கமும் தாங்கி, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிடும்போது தண்டு எவ்வளவு தாழ்கிறது என்று அளக்கிறார்கள். அரை அங்குலம், அதாவது 0.500 அங்குலம் தாழ்ந்தால் அது 500. எனவே எண் கூடக்கூட அம்பு இளக்கம். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு "பெரிய நம்பர்தான் ஸ்ட்ராங்" என்று வாங்கிவிடுகிறார்கள்.

புதிதாகக் கற்கும் ஒருவரின் மெதுவான வில்லுக்கு ஏற்ற 800 எண் அம்பை, 60 பவுண்டு காம்பவுண்ட் வில்லில் வைத்தால் அது அளவுக்குமீறி வளையும். விரிசலே இல்லாத புத்தம் புது அம்பும் அங்கே உடையலாம்.

எடையும் முக்கியம். மிக லேசான அம்பு, வில்லின் விசையை வாங்கிக்கொள்ளாது. மிச்ச விசை வில்லையே தாக்கும். காம்பவுண்ட் வில்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் கீழ்வரம்பு, ஒரு பவுண்டு இழுவிசைக்கு 5 கிரெய்ன். அப்படியென்றால் 60 பவுண்டு வில்லுக்கு, முனையும் கவ்வியும் சேர்த்துக் குறைந்தது 300 கிரெய்ன், ஏறக்குறைய 19.4 கிராம். உங்கள் வில்லின் கையேடு அதைவிட அதிகம் கேட்டால் கையேட்டைத்தான் கேட்கவேண்டும்.

எனக்குக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விடக் கவனிக்காமல் விடப்படுவது நீளம்தான்.

முழுவதுமாக இழுத்துப் பிடிக்கும்போது அம்பின் முன்பகுதி, வில்லில் அது தங்கியிருக்கும் தாங்கியைத் தாண்டிக் குறைந்தது ஓர் அங்குலமாவது வெளியே நிற்கவேண்டும். புதியவர்களுக்கு அதைவிட அதிகம் வேண்டும். ஏன் தெரியுமா? முதல் வாரத்தில் தோளைச் சுருக்கிக்கொண்டு, பயந்து பயந்து கொஞ்சமாகத்தான் இழுப்போம். இரண்டு மாதம் கழித்து முதுகுத்தசையைப் பயன்படுத்தப் பழகியதும் இழுக்கும் நீளம் கூடிவிடும். வளரும் வயதில் இருந்தால் கையும் நீண்டிருக்கும். முதல் வாரத்தில் கச்சிதமாக இருந்த அம்பு இப்போது குட்டை. இழுக்கும்போது அதன் முனை தாங்கியைவிட்டு உள்ளே நழுவி, வில்லின் உட்புறத்திலோ உங்கள் கையிலோ முட்டி நிற்கும். அந்நேரம் பதற்றத்தில் நாணை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியாயிற்று.

தம்பி தங்கைக்குப் பழைய அம்புகளைக் கொடுப்பதற்குமுன், இணையத்தில் யாரோ விற்கும் அம்புகளை மலிவு என்று வாங்குவதற்குமுன், எண், எடை, நீளம் மூன்றையும் பயிற்றுவிப்பாளரிடம் காட்டிவிடுங்கள். பழைய அம்பு எத்தனை முறை சுவரில் மோதியது என்பது விற்பவருக்கே நினைவிருக்காது.

இலக்கிலிருந்து பிடுங்கும்போது...

இங்கேயும் காயம் படும். இம்முறை பின்னால் நிற்பவருக்கு.

பஞ்சணை போன்ற இலக்கில் ஆழமாகப் பதிந்த அம்பு சட்டென்று வெளியே வரும்போது அதன் வால் பின்னோக்கிப் பாயும். அங்கே ஒருவர் குனிந்து புள்ளியை எழுதிக்கொண்டிருந்தால் அது கண்ணுக்கு நேர். பிடுங்குவதற்குமுன் பின்னால் திரும்பிப் பாருங்கள். ஒரு கையை இலக்கின்மேல் அம்புக்குப் பக்கத்தில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் அம்பை இலக்கை ஒட்டிப் பிடித்து, நேராகப் பின்னால் இழுங்கள். வாலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டி எடுத்தால், உங்கள் கையாலேயே விரிசலை உண்டாக்குகிறீர்கள்.

இலக்கை நோக்கி ஓடுவதும் கூடாது. இலக்கில் வரிசையாக நிற்கும் அம்புகளின் வால்கள் பெரும்பாலும் முகத்தின் உயரத்தில்தான் இருக்கும்.

போட்டிகளில் இதற்கெல்லாம் விசில் ஒழுங்கு இருக்கிறது. இரண்டு முறை ஊதினால் கோட்டுக்கு வரலாம். ஒரு முறை ஊதினால் எய்யலாம். மூன்று முறை ஊதினால் அம்பு எடுக்கப் போகலாம். தொடர்ந்து ஐந்து அல்லது அதற்கு மேல் கேட்டால் அப்படியே நிறுத்தவேண்டும். நாண் இழுத்த நிலையில் இருந்தாலும் மெதுவாகத் தளர்த்தி இறக்கிவிடவேண்டும். "இது ஒண்ணு மட்டும் விட்டுடுறேன்" என்பது கிடையாது.

அம்பைச் சொந்தமாக வெட்டலாமா?

வீட்டில் வேண்டாம். குழாய் வெட்டும் கருவியோ சாதாரண ரம்பமோ இழைகளை நசுக்கிப் பிளந்துவிடும். அதிவேகமாகச் சுழலும் அராவு தட்டால்தான் வெட்டவேண்டும். வெட்டும்போது பறக்கும் நுண்தூள் தோலையும் நுரையீரலையும் உறுத்தும். கடைகளில் அதற்கான இயந்திரமும் தூள் உறிஞ்சியும் இருக்கும்.

சூடும் ஆகாது. முனையை மாற்றவேண்டும் என்று தண்டைத் தீயில் காட்டினால், இழைகளைப் பிணைத்திருக்கும் பிசின் கெட்டுவிடும். சூடாக்குவதானால் உலோக முனையைத்தான் சூடாக்கவேண்டும், அதுவும் அளவோடு.

வேட்டைக் காணொளிகளில் வருவது?

சமூக ஊடகத்தில் அமெரிக்க வில்வேட்டைக் காணொளிகள் நிறைய வருகின்றன. அங்கே பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு வில் பருவம் என்று தனியாகவே உண்டு, உரிமமும் வேண்டும். பிரிட்டனில் வில்லால் வேட்டையாட 1981ஆம் ஆண்டுச் சட்டம் தடைவிதித்துள்ளது. சிங்கப்பூரில் வனவிலங்குகளை அனுமதியின்றிக் கொல்வது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆகவே "இங்க காட்டுப்பன்றி இருக்கே" என்ற யோசனையே வேண்டாம்.

ஆனால் அந்த வேட்டைக்காரர்கள் பின்பற்றும் சில பழக்கங்கள் கார்பனைப் பற்றி நமக்கு நிறையச் சொல்கின்றன. வேட்டை அம்பின் முனையில் சவரக்கத்திபோல் கூரான தகடுகள் இருக்கும். அதை விரலால் திருகிக் கழற்றமாட்டார்கள், அதற்கென்று இருக்கும் சிறு திருகுசாவியைப் பயன்படுத்துவார்கள். மரத்தில் கட்டிய பரணில் ஏறும்போது வில்லையும் அம்புகளையும் கையில் வைத்துக்கொள்ளமாட்டார்கள். ஏறி அமர்ந்தபிறகு கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்வார்கள்.

இறைச்சியில்தான் கார்பனின் தனிச் சிக்கல் இருக்கிறது. அம்பு விலங்கின் உடலுக்குள் உடைந்தால், கூரான இழைத்துணுக்குகள் இறைச்சியில் கலந்துவிடும். சமைத்தாலும் அவை கரையாது. சாப்பிடுபவரின் வாயிலும் குடலிலும் குத்தும். அதனால் உடைந்த எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்துப் பொருத்திப் பார்த்து, காயத்தைச் சுற்றியுள்ள இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறியச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள்.

கையில் ஏறிவிட்டால்?

சின்னச் சிராய் என்றால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, வெளிச்சத்தில் இடுக்கியால் அது நுழைந்த திசையிலேயே மெதுவாக இழுத்தெடுங்கள். பாதியில் உடைந்துபோனால் தோண்டாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அம்புத் துண்டு ஆழமாகக் குத்தியிருந்தால் அதைப் பிடுங்கக்கூடாது. பிடுங்கினால் இரத்தப்போக்கு கூடலாம், துண்டு உள்ளேயே சிதறவும் செய்யலாம். அசையாமல் பிடித்து, சுற்றிலும் துணி வைத்து அழுத்தி, 995ஐ அழையுங்கள்.

மருத்துவமனையில் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: "குத்தியது கார்பன் இழை." எக்ஸ்ரேயில் உலோகம் பளிச்சென்று தெரியும். கார்பன் இழை வழியே கதிர்கள் எளிதில் ஊடுருவிவிடும். அதனால்தான் மருத்துவமனை ஸ்கேன் மேசைகளையே கார்பன் இழையில் செய்கிறார்கள். "எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியல" என்பதை மட்டும் வைத்து உள்ளே ஒன்றுமில்லை என்று முடிவுசெய்துவிட முடியாது. மருத்துவருக்குத் தெரிந்தால் வேறு வழியில் தேடுவார். முடிந்தால் உடைந்த அம்பின் மிச்சப் பகுதியையும் எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு காணவில்லை என்பது அதில் தெரியும்.

விரிசல் விட்ட அம்பை என்ன செய்வது?

பைக்குள் மறுபடி போடாதீர்கள். மற்ற அம்புகளோடு கலந்துவிட்டால் அடுத்த வாரம் எது விரிசல் விட்டது என்று உங்களுக்கே தெரியாது. உடனே பின்கவ்வியைக் கழற்றிவிடுங்கள். நாணில் மாட்ட முடியாத அம்பை யாரும் மறதியாக எய்ய முடியாது. உலோக முனையையும் எடுத்துவிட்டு, உடைந்த இடத்தை ஒட்டுநாடாவால் நன்றாகச் சுற்றி, குப்பையில் போடுங்கள். துப்புரவு ஊழியரின் கையும் கைதானே.

புல்தரையில் தொலைந்த அம்பையும் தேடாமல் விட்டுவிடாதீர்கள். அடுத்து அங்கே வெறுங்காலோடு ஓடிவருவது ஒரு குழந்தையாக இருக்கலாம்.